நின்ற இதயம் மீண்டும் துடித்த பிறகு: பிள்ளை பழையபடி ஆகுமா? பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மருத்துவர் நிலைமையைச் சொல்லி முடிக்கும்வரை பெற்றோர் தலையாட்டிக்கொண்டே நிற்பார்கள். அவர் அடுத்த படுக்கைக்குப் போன பிறகுதான் கேள்விகள் வரும். அப்போது பக்கத்தில் இருப்பது செவிலியர். கன்னியாகுமரி மாவட்டத்தில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த ஆண்டுகளில் என்னிடம் அப்படி வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். குளத்திலிருந்தும் ஆற்றுக் கயத்திலிருந்தும் தூக்கி வரப்பட்ட பிள்ளைகள், ரம்புட்டான் கொட்டையோ சக்கைக்குருவோ (பலாக்கொட்டை) தொண்டையில் அடைத்த பிள்ளைகள், நிமோனியா முற்றி மூச்சு நின்ற கைக்குழந்தைகள் என்று வந்த வழிகள் வேறு வேறு. பெற்றோர் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: இதயம் திரும்பத் துடிக்கிறது, பிள்ளை கண் திறக்கவில்லை. உங்கள் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று ஆகாது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

இதயம் துடிக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் பிள்ளை விழிக்கவில்லை?

மூளை தனக்கு வேண்டிய ஆக்சிஜனைச் சேமித்து வைப்பதில்லை. ரத்த ஓட்டம் நின்றால் சில நொடிகளில் நினைவு போகும். நான்கைந்து நிமிடங்களில் மூளைச் செல்கள் கெடத் தொடங்கும். இதயத் தசை அதைவிட அதிக நேரம் தாங்கும். அதனால்தான் இதயம் திரும்பிய பிறகும் மூளை திரும்பாமல் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதயம் துடித்தவுடன் சேதம் நின்றுவிடுவதில்லை. ரத்தம் மறுபடி பாயும்போது அடிபட்ட செல்களுக்குள் வேறொரு கெடுதல் ஆரம்பிக்கிறது. மூளை வீங்கலாம், வலிப்பு வரலாம். இது இரண்டு மூன்று நாட்கள் நீடிக்கும். அந்த நாட்களில் நாங்கள் ரத்த அழுத்தம், காய்ச்சல், சர்க்கரை, சோடியம் என்று மணிக்கு மணி பார்ப்பது இதற்காகத்தான். வென்டிலேட்டர் தேவைக்கு மேல் வேகமாக ஓடினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கிவிடும். ஆகவே மூச்சுக் கருவியின் எண்களைக்கூட அடிக்கடி மாற்றிக்கொண்டிருப்போம். “ஒன்றுமே செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்” என்று வெளியே நிற்பவர்களுக்குத் தோன்றும் அந்த மணிநேரங்கள்தான் மிகவும் வேலை நடக்கும் நேரம்.

பெரியவர்களுக்கு வரும் மாரடைப்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. பெரியவர்களில் பெரும்பாலும் முதலில் கெடுவது இதயம். குழந்தைகளில் பெரும்பாலும் முதலில் நிற்பது மூச்சு. ஆக்சிஜன் குறைந்து குறைந்து, கடைசியில்தான் இதயம் நிற்கிறது. அதாவது இதயம் நிற்பதற்கு முன்பே மூளை பட்டினியில் இருந்திருக்கிறது. பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின் கணக்கை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்த முடியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எத்தனை நாளில் உறுதியாகச் சொல்வார்கள்?

எல்லோரும் முதல் நாளே கேட்கும் கேள்வி இது. முதல் நாள் பதில் சொல்லாத மருத்துவர்மேல் கோபம் வருவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் முதல் நாளில் “இனி ஒன்றும் இல்லை” என்று அடித்துச் சொல்பவரைவிட, “இன்னும் தெரியவில்லை” என்று சொல்பவரையே நான் நம்புவேன்.

காரணம் எளிது. முதல் நாளில் பிள்ளையின் மூளையை நாம் நேராகப் பார்க்க முடியாது. நடுவில் பல திரைகள் இருக்கின்றன. வென்டிலேட்டர் குழாயைப் பொறுத்துக்கொள்ள மிடசோலம், பென்டனில் போன்ற மயக்க மருந்துகள் ஓடிக்கொண்டிருக்கும். சில நேரம் தசைகளை முழுவதும் தளர்த்தும் மருந்தும் கொடுத்திருப்போம். அது இருக்கும்போது பிள்ளையால் விரலைக்கூட அசைக்க முடியாது. சிறுநீரகமும் ஈரலும் அடிபட்டிருந்தால் இந்த மருந்துகள் உடம்பை விட்டுப் போக நாளாகும். உடம்பு குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதம். ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தாலும், வெளியே தெரியாத வலிப்பு ஓடிக்கொண்டிருந்தாலும் பிள்ளை அசைவற்றுத்தான் கிடக்கும்.

பெரியவர்களுக்குக் குறைந்தது 72 மணி நேரம் பொறுத்துத்தான் கணிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. குழந்தைகளுக்கு அந்த அளவுக்கு உறுதியான, எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி கிடையாது. பெரும்பாலான குழுக்கள் மூன்று நாட்களாவது பொறுக்கின்றன, மயக்க மருந்து அதிகம் போயிருந்தால் அதற்கு மேலும். உயிர்மீட்பு சிகிச்சைக்கான சர்வதேசக் கூட்டமைப்பான இல்கோர் 2023-இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட பரிந்துரையின் சாரமும் இதுதான்: எந்த ஒரு பரிசோதனையையும் தனியாக நம்பி முடிவு சொல்லக் கூடாது, பலவற்றைச் சேர்த்து, பல நேரங்களில் பார்க்க வேண்டும்.

ஆகவே “பிழைக்குமா?” என்று கேட்பதோடு சேர்த்து, “எந்த மயக்க மருந்து ஓடுகிறது, கடைசியாக எப்போது கொடுத்தீர்கள், மருந்து இல்லாமல் பிள்ளையை எப்போது பரிசோதிப்பீர்கள்?” என்றும் கேளுங்கள்.

எவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தான் என்று வருகிற டாக்டர் எல்லாம் கேட்கிறார்களே?

நீரில் மூழ்கிய பிள்ளைக்கு, எந்த ஸ்கேனையும்விட அந்தக் கணக்கு அதிகம் சொல்லும். பத்து நிமிடத்துக்குள் தூக்கிவிட்ட பிள்ளைகள் நன்றாக மீளும் வாய்ப்பு அதிகம். இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டினால் அந்த வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடுகிறது. மூழ்கியிருந்த நேரம் ஒன்று. கரைக்குத் தூக்கிய பிறகு யாரும் நெஞ்சை அழுத்தாமல் போன நேரம் இரண்டு. அழுத்தத் தொடங்கியதிலிருந்து இதயம் திரும்பும்வரை ஆன நேரம் மூன்று. இந்த மூன்றும் தனித்தனியாக வேண்டும்.

ஆனால் சரியான நேரம் கிடைப்பதே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பாட்டியாக இருப்பார். அடுப்படிக்குப் போய் வந்த இடைவெளியில் நடந்திருக்கும். அவர் “இரண்டு நிமிடம்தான்” என்பார். மகன்மேல், மருமகள்மேல் இருக்கும் பயம் அது. தன்மேலேயே இருக்கும் பயமும்தான். இதைப் படிக்கும் வீட்டாரிடம் கும்பிட்டுக் கேட்கிறேன்: அந்த அறையில் அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். குற்றம் சொன்ன நிமிடத்திலிருந்து உண்மை நேரம் வெளியே வராது. இழப்பு பிள்ளைக்குத்தான்.

நேரத்தைக் கண்டுபிடிக்க ஊருக்குள்ளேயே வழிகள் இருக்கின்றன. கைப்பேசியில் முதல் அழைப்பு போன நேரம். 108-க்கு அழைத்த நேரம். கோயில் மணி அடித்த பிறகா, பள்ளிக்கூடம் விட்ட பஸ் போவதற்கு முன்பா? ஒருமுறை ஒரு சித்தப்பா, குளத்தங்கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டு, ஒரு நோட்டுத்தாளில் நேர வரிசையாக எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். அந்தத் தாள் பிள்ளையின் கேஸ் ஷீட்டில் கடைசிவரை இருந்தது. எல்லா மருத்துவர்களும் அதைத்தான் முதலில் படித்தார்கள்.

கரையில் பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றினார்கள். அது சரிதானா?

சரியல்ல. செய்தவர்கள் நல்ல மனத்தோடுதான் செய்தார்கள். தண்ணீரை வெளியேற்ற வேண்டும் என்று நினைத்தார்கள். ஆனால் சுற்றுவதாலும் வயிற்றை அமுக்குவதாலும் வெளியே வருவது பெரும்பாலும் வயிற்றில் இருந்த தண்ணீர்தான். அது தொண்டைக்கு வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதற்குள் மூளைக்குரிய நிமிடங்களும் போய்விடும். மூழ்கிய பிள்ளைக்கு முதலில் வேண்டியது மூச்சு. தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, வாயோடு வாய் வைத்து நெஞ்சு உயரும்படி காற்று ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழும்படி அழுத்த வேண்டும். தனியாக இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

நடந்து முடிந்ததை நினைத்து உங்களை வதைக்க இதை எழுதவில்லை. குளச்சலிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை கடலோர இளைஞர்களும், குளங்கள் நிறைந்த இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு ஊர் இளைஞர் மன்றமும் இதைக் கையால் செய்து பழக வேண்டும் என்பது என் தீராத ஆசை. பிள்ளையின் மூளை எப்படி மீளும் என்பதில் பாதி கரையிலேயே முடிவாகிவிடுகிறது.

கடல் தண்ணீர் என்றால் மோசம், குளத்துத் தண்ணீர் என்றால் பரவாயில்லை என்கிறார்களே?

மூளை மீளுவதைக் கணிக்க அந்த வேறுபாடு உதவாது. இரண்டிலும் கணக்கு ஆக்சிஜன் இல்லாத நிமிடங்கள்தான்.

வெளிநாட்டில் ஒரு மணி நேரம் மூழ்கிய குழந்தை பிழைத்ததாம். நம் பிள்ளைக்கும் நடக்காதா?

அது உண்மை நிகழ்வுதான். 1986-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று பனி உருகி ஓடும் ஓடையில் 66 நிமிடம் மூழ்கியிருந்து மீண்டது. மருத்துவ இதழிலும் அது பதிவாகியிருக்கிறது. அங்கே குழந்தையைக் காப்பாற்றியது பனித்தண்ணீர். உடம்பு வேகமாகக் குளிர்ந்ததால் மூளையின் ஆக்சிஜன் தேவை அடியோடு குறைந்துவிட்டது. நம் குளமும் கோதையாறும் கடலும் அப்படிக் குளிர்ந்தவை அல்ல. திற்பரப்பு அருவியில் நடுக்கம் எடுக்கலாம். ஆனால் அந்தக் குளிர் மூளையைக் காக்கும் குளிர் ஆகாது. உறவினர்கள் கைப்பேசியில் இத்தகைய செய்திகளை அன்பால்தான் அனுப்புகிறார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாறும் தாய்மாரைப் பார்த்துப் பார்த்து மனம் தாங்காமல் சொல்கிறேன்.

கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்களே, அதில் என்ன தெரியும்?

வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்கினால், மூளைத்தண்டின் அந்தப் பகுதி வேலை செய்கிறது என்று பொருள். முதல் 12 மணி நேரத்துக்குள் சுருங்குவது நல்ல அறிகுறிகளில் ஒன்று. சுருங்கவில்லை என்பது கவலை தருவது. ஆனால் முதல் சில மணி நேரத்தில் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அட்ரோபின் போன்ற மருந்துகள் கண்மணியை விரித்து வைத்துவிடும். நாட்கள் கழிந்து, மருந்துகள் நீங்கிய பிறகும் இரண்டு கண்மணிகளும் அசையாமல் இருந்தால் அதன் எடை வேறு.

தலை முழுக்க ஒயர் ஒட்டி எடுக்கும் இஇஜி எதற்கு?

இரண்டு காரியங்களுக்கு. முதலாவது, கண்ணுக்குத் தெரியாத வலிப்பைப் பிடிக்க. பிள்ளை அமைதியாகக் கிடக்கும். மூளைக்குள் மின்புயல் ஓடிக்கொண்டிருக்கும். இஇஜி இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இரண்டாவது, கணிப்புக்கு. அலைகள் இடைவிடாமல் ஓடுகின்றனவா, வெளித்தூண்டலுக்கு மாறுகின்றனவா, தூக்கத்தின் வடிவங்கள் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். முதல் ஓரிரு நாட்களிலேயே தொடர்ச்சியான அலைகள் திரும்பினால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. கோடு தட்டையாகவே இருந்தாலோ, வெடித்து வெடித்து நடுவில் அடங்கிப்போனாலோ கவலைக்கு இடம். ஆனால் அதே மயக்க மருந்து இந்த அலைகளையும் அடக்கும். ஆகவே இஇஜி தாளின் மேல் ஓரத்தில், அப்போது என்ன மருந்து ஓடியது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாத தாளை வைத்துக் கணிப்பது ஆபத்து.

சிடி ஸ்கேன் நார்மல் என்றார்கள். அப்படியென்றால் மூளைக்கு ஒன்றும் இல்லையா?

இந்த ஒரு சொல்லால் எத்தனை வீடுகள் அதிகமாக நம்பி, பிறகு இரண்டு மடங்கு உடைந்திருக்கின்றன! முதல் நாள் எடுத்த சிடி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கீழே விழுந்து தலையில் ரத்தக் கசிவு ஏற்பட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது முதன்மையாக உதவுகிறது. ஆக்சிஜன் இல்லாமல் ஏற்பட்ட சேதம் அதில் தெரிய நேரம் பிடிக்கும். சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் உள்ள வேறுபாடு அழிந்து, வீக்கம் தெரிந்தால் அது கெட்ட செய்தி. தெரியாவிட்டால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எம்ஆர்ஐ கூர்மையானது. மூளையின் ஆழத்தில் உள்ள அசைவைக் கட்டுப்படுத்தும் முடிச்சுகளும், மேற்பரப்பின் சில பகுதிகளும்தான் ஆக்சிஜன் பற்றாக்குறைக்கு முதலில் பலியாகும். அவை எந்த அளவுக்கு அடிபட்டிருக்கின்றன என்று அது காட்டும். மூன்றாவது நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் எடுத்தால் பயன் அதிகம். பிந்தினால் சில அடையாளங்கள் மங்கி, இயல்பானது போலத் தோன்றும் ஒரு கட்டம் வருகிறது. சரியான நாளில் எடுத்த எம்ஆர்ஐ இயல்பாக இருந்தால் அது உண்மையிலேயே மகிழ வேண்டிய செய்தி. வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளையை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோய் வருவது சிறிய வேலை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். மருத்துவர் ஒரு நாள் தள்ளிப்போட்டால் அதற்குக் காரணம் இருக்கும்.

ரத்தத்தில் பார்த்துச் சொல்ல முடியாதா?

ஆக்சிஜன் குறையும்போது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் என்ற பொருளின் அளவு முதல் நாளிலேயே இயல்புக்குத் திரும்பினால் நல்லது. மூளைச் செல் சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் சில புரதங்களையும் அளக்கிறார்கள். குழந்தைகளுக்கு எந்த எண்ணைத் தாண்டினால் ஆபத்து என்று உறுதியான எல்லைக்கோடு இன்னும் இல்லை.

நான் கூப்பிட்டபோது என் விரலைப் பிடித்தான். டாக்டர் அதை நம்பவில்லை.

நம்பவில்லை என்பதைவிட, அவர் இரண்டு விதமான பிடிப்பைப் பிரித்துப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் எதையாவது வைத்தால் விரல்கள் தாமாக மடங்கும் அனிச்சைச் செயல் உண்டு. பிறந்த குழந்தைகளிடம் பார்த்திருப்பீர்கள். முதுகுத்தண்டிலிருந்து மட்டும் வரும் அசைவுகளும் உண்டு. இவற்றுக்கு நினைவு தேவையில்லை. கண் திறப்பதும் அப்படியே: ஓரிரு வாரத்தில் கண் திறந்து மூடும் சுழற்சி திரும்பலாம், ஆனால் பார்வை எதிலும் நிற்காமல் இருக்கலாம். விழிப்பு வேறு, நினைவு வேறு.

ஆனாலும் முதல் நினைவை முதலில் காண்பது பெரும்பாலும் தாய்தான். நான் பலமுறை கண்டிருக்கிறேன். எனவே சொல்லாமல் விடாதீர்கள். எப்படிச் சொல்வது என்று மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். கையைத் தொடாமல், காதருகே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “மக்களே, கண்ணை மூடு” என்றோ “நாக்கை நீட்டு” என்றோ கேளுங்கள். அரை நிமிடம் பொறுங்கள். அடிபட்ட மூளை மெதுவாகத்தான் பதில் தரும். மூன்று முறை கேட்டு இரண்டு முறை செய்தால், நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே எங்களைக் கூப்பிடுங்கள். வார்டில் அனுமதித்தால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வீட்டில் புழங்கும் குரலிலும் சொல்லிலும் கேளுங்கள். பாட்டாவின் (தாத்தாவின்) இருமல் சத்தத்துக்குத் தலை திருப்பிய பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குரலுக்கு அவள் திரும்பவே இல்லை.

பாம்பு கடித்து மூச்சு நின்ற பிள்ளைக்கும் இதே கணக்கா?

இல்லை, இது தனிக் கவனம் வேண்டியது. ரப்பர் தோட்டமும் வாழைத்தோப்பும் நிறைந்த நம் ஊரில் இதை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். வலி குறைவு, பல் பதிந்த தடமே தெரியாமல் போகலாம். விஷம் நரம்பு தசையோடு சேரும் இடத்தை முடக்கிவிடும். கண்ணிமை தூக்க முடியாது, கண்மணி விரிந்து நிற்கும், கை கால் அசையாது, மூச்சு நிற்கும். பார்ப்பதற்கு மூளைச்சாவு போலவே இருக்கும். ஆனால் நேரத்துக்கு வென்டிலேட்டர் கிடைத்திருந்தால், உள்ளே அந்தப் பிள்ளை முழு நினைவோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கலாம். விஷமுறிவு மருந்தும் மூச்சுக் கருவியும் சேர்ந்து, சில நாட்களில் முழுவதும் எழுந்து உட்காரும் பிள்ளைகள் உண்டு.

ஆகவே முந்திய இரவு நன்றாக இருந்த பிள்ளை, காலையில் வயிற்றுவலி, இமைச் சரிவு என்று தொடங்கி மூச்சு நின்றிருந்தால், தடம் தெரியாவிட்டாலும் பாம்பைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தப் படுக்கையருகே நம்பிக்கையைக் கெடுக்கும் வார்த்தை எதையும் பேசாதீர்கள்.

உடம்பைக் குளிர்வித்தால் மூளை பிழைக்கும் என்கிறார்களே? ஏன் செய்யவில்லை?

அமெரிக்காவிலும் கனடாவிலும் தாப்கா என்ற பெரிய ஆய்வு இதற்காகவே நடந்தது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற பிள்ளைகளைப் பற்றிய முடிவு 2015-இலும், உள்ளே நின்றவர்களைப் பற்றியது 2017-இலும் வந்தன. ஒரு குழுவை 33 டிகிரி செல்சியஸில் வைத்தார்கள். இன்னொரு குழுவை 36.8 டிகிரியில், அதாவது காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டார்கள். வெளியே இதயம் நின்றவர்களில், ஓராண்டுக்குப் பின் நல்ல செயல்திறனோடு இருந்தவர்கள் குளிர்வித்த குழுவில் 100-க்கு 20, மற்றதில் 100-க்கு 12. எண் வேறாகத் தெரிந்தாலும், தற்செயல் இல்லை என்று சொல்லும் அளவுக்கு அந்த வேறுபாடு உறுதியாகவில்லை. உள்ளே நின்றவர்களிலும் தெளிவான பயன் தெரியவில்லை. ஆகவே குளிர்விக்காதது குறை அல்ல. காய்ச்சலை விட்டுவைப்பதுதான் குறை.

சின்னப் பிள்ளையின் மூளை சீக்கிரம் சரியாகிவிடுமாமே?

பாதி உண்மை. மூளையின் ஒரு பகுதி மட்டும் அடிபட்டால், இளம் மூளையின் மற்ற பகுதிகள் அந்த வேலையை ஏற்கும். ஆக்சிஜன் இல்லாமல் போவது மூளை முழுவதையும் தாக்குகிறது; ஏற்றுக்கொள்ள நலமான பகுதி குறைவு. மேலும் கைக்குழந்தை செய்ய வேண்டிய வேலைகள் கொஞ்சம்தான். ஆறு மாதத்தில் சிரிக்கிறது, தவழ்கிறது என்று மகிழ்ந்திருப்போம். ஐந்து வயதில் எழுத்து பிடிபடாமல், நினைவு நிற்காமல், கோபம் அடங்காமல் குறை வெளிப்படும். அதனால் மீண்ட பிள்ளையையும் பள்ளி வயதுவரை தொடர்ந்து காட்ட வேண்டும்.

நூற்றுக்கு எத்தனை பிள்ளைகள் பிழைக்கிறார்கள்?

அமெரிக்கப் பதிவேடுகளில், மருத்துவமனைக்குள் இதயம் நின்ற குழந்தைகளில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் வீடு திரும்புகிறார்கள். வெளியே நின்றவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒருவர். எண் கேட்டுத்தான் தீருவேன் என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளை அந்தப் பத்தில் எந்த ஒருவர் என்பதை இந்த எண் சொல்லாது.

திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ கொண்டுபோகலாமா?

நாகர்கோவிலிலிருந்து இரண்டுமே எழுபது எண்பது கிலோமீட்டருக்குள். மார்த்தாண்டம் நெரிசலையும் கணக்கில் கொள்ள வேண்டும். முதல் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் ஒருமுறை விழுந்தாலும் மூளைக்கு இரண்டாவது அடி விழும். எனவே நிலைமை சீரான பிறகு, குழந்தைகள் வென்டிலேட்டரும் பயிற்சி பெற்றவரும் உள்ள ஆம்புலன்சில்தான் போக வேண்டும். “அங்கே இருக்கிற, இங்கே இல்லாத வசதி எது?” என்று நேராகக் கேளுங்கள். தொடர் இஇஜி, வென்டிலேட்டரோடு எம்ஆர்ஐ, குழந்தை நரம்பியல் மருத்துவர் என்று பதில் வந்தால் போவதில் பொருள் இருக்கிறது. “பெரிய ஆஸ்பத்திரி” என்ற பெயருக்காக மட்டும் வேண்டாம்.

செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்கே செல்லும் என்று புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். நகையை அடகு வைத்த பிறகு அந்த அட்டையை நினைத்துப் பார்த்த குடும்பங்கள் உண்டு.

“நம்பிக்கை இல்லை” என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் என்ன செய்வது?

முதலில், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேளுங்கள். உயிர் பிழைக்காது என்கிறார்களா? பிழைத்தாலும் நினைவு திரும்பாது என்கிறார்களா? நினைவு திரும்பும், நடக்க முடியாது என்கிறார்களா? மருத்துவ ஆய்வுகளில் பிள்ளையின் நிலையை இயல்பு, லேசான குறை, நடுத்தரக் குறை, கடுமையான குறை, நினைவற்ற நிலை, மூளைச்சாவு என்று ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள். எந்தப் படியை எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு தெளிவாகும். மருத்துவர் “மோசம்” என்று நினைக்கும் ஒரு படியில், தன் பிள்ளை சிரித்தால் போதும் என்று வாழும் தாய் இருக்கிறாள். அது குடும்பத்தின் தீர்மானம்.

இரண்டாவது, எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். மருந்து நீங்கிய பிறகு செய்த பரிசோதனை, இஇஜி, எம்ஆர்ஐ எல்லாமே ஒரே பக்கம் காட்டினால் அந்தக் கணிப்புக்கு வலு அதிகம். ஒன்று நல்லதாகவும் இன்னொன்று கெட்டதாகவும் இருந்தால், பொறுப்பதே சரி.

இதில் எங்கள் தொழிலுக்கே உள்ள ஒரு பெரிய கண்ணியைச் சொல்ல வேண்டும். பிழைக்காது என்று கணித்து, அதனால் கருவியை நிறுத்தி, பிள்ளை இறந்துவிட்டால், கணிப்பு சரி என்று ஏட்டில் ஏறிவிடும். பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாமலே போகும். அப்படிச் சேர்ந்த ஏடுகளை வைத்து அடுத்த பிள்ளையைக் கணிக்கிறோம். நல்ல மருத்துவர்கள் இதை அறிந்தே நிதானமாகப் பேசுகிறார்கள். அவசரமாகக் கையெழுத்துக் கேட்டால், இரண்டாவது மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மறுபக்கமும் உண்மைதான். எல்லாப் பரிசோதனைகளும் கெட்டதையே காட்டி, வாரங்கள் கடந்த பிறகும் கருவியில் வைத்திருப்பது பிள்ளைக்குத் துன்பமாகலாம். உயிர்காக்கும் கருவிகளை நிறுத்துவது பற்றி உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்து, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. மருத்துவர்களின் இரண்டு குழுக்கள் தனித்தனியே பார்த்து ஒப்ப வேண்டும். இந்த முடிவை எடுத்த பெற்றோரை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. கோட்டாறு சவேரியாரிடமும் நாகராஜாவிடமும் தக்கலை பீர் அப்பாவிடமும் நேர்ந்துகொண்டு, எல்லாம் செய்து பார்த்த பிறகு எடுத்த முடிவு அது.

மூளைச்சாவு என்பதும் இந்தக் கணிப்பும் ஒன்றா?

அல்ல. மேலே சொன்னது வருங்காலத்தைப் பற்றிய கணிப்பு. மூளைச்சாவு என்பது இப்போதே நடந்து முடிந்த மரணம். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதிக்க வேண்டும். குழந்தைகளில் இதயம் மீண்டதிலிருந்து குறைந்தது 24 மணி நேரம் கழித்தே முதல் பரிசோதனையைத் தொடங்குவதும், இடைவெளியை இன்னும் நீட்டுவதும் வழக்கம். இதில் “ஒருவேளை” கிடையாது. உறுப்பு தானம் பற்றிக் கேட்பார்கள். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது முழுக்கப் பெற்றோரின் உரிமை.

நன்றாக நீந்தும் பிள்ளை. எப்படி மூழ்கினான்?

இதைக் கேட்டால் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளை போராடாமல் திடீரென்று தாழ்ந்திருந்தால், பிறவியிலேயே இதயத்தின் மின்னோட்டத்தில் உள்ள கோளாறு காரணமாக இருக்கலாம். நீண்ட கியூடி என்ற ஒரு வகைக்கு நீச்சலே தூண்டுகோல். இசிஜி எடுத்தால் பெரும்பாலும் துப்புக் கிடைக்கும். இது குடும்பத்தில் இறங்கும் நோய் என்பதால் உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் இசிஜி எடுக்க வேண்டும்; மாத்திரையால் தடுக்க முடியும். வீட்டில் வலிப்பு என்று சொல்லப்பட்ட மயக்கங்களோ, சிறு வயதில் திடீர் மரணங்களோ இருந்தால் மறைக்காதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி?

முதல் ஆறு மாதமும் ஓராண்டும் மிக முக்கியம். முன்னேற்றத்தின் பெரும்பகுதி அப்போதுதான். பிசியோதெரபி, விழுங்கும் பயிற்சி, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு ஆசையாய் வாயில் கஞ்சி ஊட்டி, நுரையீரலில் இறங்கி, திரும்பவும் ஐசியூவுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே சோதித்துச் சொல்லும்வரை மூக்குக் குழாய்தான். கண் திறந்தும் பார்க்காத பிள்ளைக்குக் கண்ணில் அல்லாமல் பார்வையைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதியில் சேதம் இருக்கலாம். அது மாதக்கணக்கில் மெல்லத் திரும்புவதும் உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் வட்டார வள மையத்தின் வீட்டுவழிக் கல்விக்கும் விண்ணப்பிக்க வெட்கப்படாதீர்கள்.

பிள்ளையின் அண்ணன்தான் அவனைக் குளத்துக்குக் கூட்டிப்போனான். அவனை வார்டுக்குள் அழைத்து வரலாமா?

அழைத்து வாருங்கள். எங்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தம்பியின் முகத்தைத் துடைத்து, குழாய்களைப் போர்வைக்குள் ஒதுக்கி வைக்கிறோம். உள்ளே வருவதற்கு முன் இந்தக் குழாய் மூச்சுக்கு, இந்த ஒயர் இதயத்துக்கு என்று அவனுக்கு நான் சொல்லுவேன். வெளியே திண்ணையில் உட்காரவைத்தால் அவன் மனத்தில் கட்டிக்கொள்ளும் காட்சி, உள்ளே இருப்பதைவிடப் பயங்கரமாக இருக்கும். “நீ கூப்பிட்டதால்தான்” என்று ஒரு பெரியவரும் அவன் காதுபட சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பியின் கையைத் தொடச் சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் அப்படி வந்து, என்ன பேசுவது என்று தெரியாமல், தம்பிக்கு அன்று பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடம் முழுவதையும் வாசித்துக் காட்டினான். அடுத்த நாளும் வந்தான், அடுத்த நாள் பாடத்தோடு.